மதிய மருந்துப் பொறுப்பு: புதிதாக ஏற்கும் ஆசிரியருக்கு

ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: அவருடைய பள்ளியில் செவிலியர் கிடையாது. பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் மருந்து கொடுக்கும் பொறுப்பை இந்த ஆண்டு அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே, தப்பாகக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். அடுத்த வாரம் வலிப்பு நோய் உள்ள ஏழு வயதுப் பையன் ஒருவன் சேர்கிறான். அவன் அம்மா மருந்தோடு வந்து இவரைப் பார்க்கப் போகிறார். எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

நான் பல ஆண்டுகள் பள்ளிச் செவிலியராக வேலை பார்த்தவள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொறுப்புக்கு மருந்தியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை. எழுதிக் கொடுத்ததை எழுதியபடியே கொடுப்பதும், கொடுத்ததை அப்போதே எழுதி வைப்பதும்தான் உங்கள் வேலை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வந்தவை அல்ல. அவசரத்திலும், "எனக்குத்தான் தெரியுமே" என்று நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்ததிலும் வந்தவை.

பெற்றோர் மருந்தை நீட்டியதும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதைப் பள்ளியில்தான் கொடுக்க வேண்டுமா?" என்பது. ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று எழுதியிருந்தால் பலரும் காலை, மதியம், இரவு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நிறைய மருந்துகளைப் பள்ளிக்குக் கிளம்பும் முன், வீடு திரும்பியதும், படுக்கும் முன் என்று கொடுத்துவிடலாம். சிலவற்றுக்கு ஒரு முறை எடுத்தால் பகல் முழுவதும் வேலை செய்யும் வகை உண்டு. கவனக்குறைவு, மிகை இயக்கம் உள்ள பிள்ளைகளுக்கு எழுதப்படும் மெத்தில்ஃபெனிடேட்டிலும் அந்த வகை உண்டு. மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பள்ளியில் கொடுக்கும் வேளைகள் குறையக் குறைய, தவறு நடக்கும் வாய்ப்பும் குறையும். இன்னொன்று, புது மருந்தின் முதல் வேளையை வீட்டிலேயே கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். உடம்பு தடித்தாலோ வாந்தி எடுத்தாலோ அது பெற்றோர் கண்முன் நடக்கட்டும்.

பள்ளியில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அடுத்தது காகிதம். டாக்டர் எழுதிய குறிப்பு, பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதம், மருந்துக்கடை லேபிளோடு அதே பாட்டில் அல்லது அட்டை, இந்த மூன்றும் வேண்டும். மூன்றிலும் பிள்ளையின் முழுப் பெயர், மருந்தின் பெயர், அளவு ஒன்றுபோல இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்தத் தேதி வரை என்பதும் டாக்டர் குறிப்பில் வேண்டும். "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். தேவைப்படுவது என்றால் என்ன அறிகுறி, எவ்வளவு கொடுப்பது, எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம் என்று எழுதி வரவேண்டும். டோஸ் மாறிவிட்டது என்று யாராவது போனில் சொன்னால் அதை வைத்துக் கொடுக்காதீர்கள். புதுக் குறிப்பு, புது லேபிள் வந்த பிறகுதான்.

இங்கே பெற்றோரிடம் கொஞ்சம் உறுதியாக நிற்க வேண்டியிருக்கும். ஒருமுறை ஒரு தாய் நான்கு மாத்திரைகளைக் கத்தரித்து, ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். அட்டையின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெள்ளித்தாளில் மருந்தின் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள் இருந்தன. எத்தனை மில்லிகிராம் என்பதும் காலாவதித் தேதியும் கத்தரிக்கோலோடு போய்விட்டன. அவர் பொய் சொல்லவில்லை, சரியான மருந்தைத்தான் கொண்டுவந்திருப்பார். ஆனால் அவர் ஊருக்குப் போயிருக்கும் ஒரு நாளில், நானும் விடுப்பில் இருந்து, வேறொருவர் அந்தக் கவரைத் திறந்தால் அவருக்கு எதுவுமே தெரியாது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அன்று அவருக்கு வருத்தம்தான். சாயங்காலமே முழு அட்டையோடு வந்தார்.

மருந்து வாங்கும்போது பெற்றோர் முன்னாலேயே மாத்திரைகளை எண்ணி, பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையின் புத்தகப்பையில் மருந்து வந்து போவதை ஊக்குவிக்காதீர்கள், அவசர மருந்துகளைத் தவிர. பாதி மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தால், மருந்துக்கடையிலேயே பாதியாக்கி வாங்கி வரச் சொல்வது நல்லது.

சரி, இனி மருந்து கொடுக்கும் அந்த இரண்டு நிமிடம். செவிலியர்கள் ஐந்து "சரி" என்று மனப்பாடம் செய்வார்கள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. வழி என்றால் வாயாலா, காதிலா, கண்ணிலா, மூக்கிலா என்பது. காதுக்கான சொட்டு மருந்தும் கண்ணுக்கான சொட்டு மருந்தும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் இதைச் சும்மா சொல்லவில்லை. இவற்றோடு நான் ஆறாவதாகச் சேர்ப்பது, சரியான பதிவு.

லேபிளை மூன்று முறை படியுங்கள்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, ஊற்றுவதற்கு அல்லது மாத்திரையைப் பிரிப்பதற்கு முன், திரும்ப வைக்கும்போது. அதிகபட்சம் அரை நிமிடம் ஆகும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் உங்கள் முன்னால் இருக்க வேண்டும். எல்லாருடைய மருந்தையும் முன்கூட்டியே சின்னக் கிண்ணங்களில் எடுத்து வரிசையாக வைப்பது வேகமாக இருக்கும். ஆனால் ஒரு கிண்ணம் இடம் மாறினால் அதைக் கண்டுபிடிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். "நீ தானே ப்ரியா?" என்று கேட்டால், யோசனையில் நிற்கும் குழந்தை எதற்கும் தலையாட்டும். "உன் முழுப் பெயர் என்ன? எந்த வகுப்பு?" என்று கேளுங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையின் புகைப்படம் ஒட்டியிருந்தால், நீங்கள் வராத நாளில் வருபவருக்குப் பெரிய உதவி. ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கங்களின் மேலே சிவப்பில் எழுதி வையுங்கள்.

பிள்ளை விழுங்கியதைப் பார்த்த உடனே, அடுத்த பிள்ளையைக் கூப்பிடும் முன், நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டியே போடுவதும் தப்பு, சாயங்காலம் சேர்த்துப் போடுவதும் தப்பு. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருநாள் மதியம் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, கீழே விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். என்னோடு இருந்தவர் ஒரு பையனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, எழுதாமல் அவளைக் கவனிக்கப் போய்விட்டார். பையன் அங்கேயே நின்றான். பதிவேட்டில் அன்றைய கட்டம் காலி. நான் அவனுக்கு இன்னொரு மாத்திரை கொடுத்தேன். அவனும் மறுக்காமல் விழுங்கினான். பெரியவர்கள் கொடுத்தால் பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்தது. உடனே டாக்டருக்கும் அவன் வீட்டுக்கும் சொன்னோம். அன்று முழுவதும் அவனைப் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தப் பிற்பகல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு, மருந்து கொடுக்கும் பத்து நிமிடம் கதவைச் சாத்தி வைக்கவும், காயம், தலைவலி எல்லாவற்றையும் வேறொருவர் பார்க்கவும் ஏற்பாடு செய்தோம். நீங்களும் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். பேசிக்கொண்டும் போன் எடுத்துக்கொண்டும் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

அளவு விஷயத்தில் சிரப்தான் ஆபத்தானது. வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. பெயரை மாற்றிப் படித்தாலே மூன்று மடங்கு போய்விடும். ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பெரும்பாலான மருந்துக்கடைகளில் கிடைக்கும். அளவு மூடியில் ஊற்றுவதானால் சமமான மேசையில் வைத்து, குனிந்து, கண்மட்டத்தில் கோட்டைப் பாருங்கள். தெளியும் சிரப்புகளை ஊற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மேலே தண்ணீராகவும் அடியில் மருந்தாகவும் போகும்.

மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்று அல்ல. காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. பாட்டிலும் நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். போன மாதம் கொண்டுவந்த பாட்டில் தீர்ந்து புதுப் பாட்டில் வந்தால், "வழக்கம்போல 5 மி.லி." என்பது இரண்டு மடங்காகிவிடலாம். பாட்டில் மாறும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த மருந்து போலவே சரிபாருங்கள். பாரசிட்டமால் கொடுக்கும் முன் இன்னொரு கேள்வியும் உண்டு: காலையில் வீட்டில் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு? இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. பிள்ளையிடம் கேட்டால் போதாது, வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். வைரஸ் காய்ச்சல் உள்ள பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் ரெய் நோய்க்குறி என்ற, அரிதான ஆனால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு.

விழுங்க முடியவில்லை என்று மாத்திரையை நீங்களாகப் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால், பகல் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு, பொடிக்கலாம் என்று எழுதி வந்தால் மட்டும் செய்யுங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தினசரி மருந்து பூட்டுக்குள் இருக்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் போன்றவை இரட்டைப் பூட்டில், வாரம் ஒருமுறை இருவராக எண்ணப்பட வேண்டும். ஆனால் உயிர் காக்கும் அவசர மருந்தைப் பூட்டி வைக்கக் கூடாது. ஆஸ்துமா இன்ஹேலர், கடுமையான ஒவ்வாமைக்கான அட்ரினலின் பேனா ஊசி, தாழ்சர்க்கரைக்கான குளுக்கோஸ், வலிப்பை நிறுத்தும் மூக்கு ஸ்ப்ரே, இவை பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து ஓரிரு நிமிடத்தில் கைக்கு வரவேண்டும். எல்லா மருந்தையும் ஒரே பீரோவில் பூட்டி, சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. சாவி வைத்திருப்பவர் கூட்டத்தில் இருக்கும்போது விளையாட்டு மைதானத்தில் ஒரு பிள்ளைக்கு வீசிங் வந்தால்? பொறுப்பாக நடந்துகொள்ளக் கூடிய பெரிய பிள்ளைகள், டாக்டரும் பெற்றோரும் எழுதிக் கொடுத்தால், இன்ஹேலரைத் தாங்களே வைத்திருக்கட்டும். இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும்.

வீசிங் வந்த பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். நீல நிற நிவாரணி இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலரின் மருந்தைப் பிடித்து வைத்து மூச்சோடு இழுக்க உதவும் குழாயில்) பொருத்தி, ஒரு பஃப் அழுத்தி, பிள்ளையை நான்கைந்து முறை மூச்சு விடச் சொல்லுங்கள். மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டு மூன்றை ஒன்றாக அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்குக் குறைவாகவே போகும். எத்தனை பஃப் என்பது அந்தப் பிள்ளைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்துமா திட்டத்தில் இருக்கும். பல திட்டங்களில் 10 வரை இருக்கும். அதற்கும் குறையவில்லை என்றால், அல்லது ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளிழுக்கிறது என்றால், எண்ணிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகும் மருந்தைத் தொடருங்கள்.

கடுமையான ஒவ்வாமைக்கு மருந்து அட்ரினலின்தான். அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறது, குரல் மாறுகிறது, நாக்கு வீங்குகிறது, தலைசுற்றி விழப்பார்க்கிறான் என்றால் பேனா ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில் குத்துங்கள். உடையைக் கழற்ற வேண்டியதில்லை, துணியின் மேலேயே போடலாம். பிறகு படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் காலை நீட்டி உட்காரலாம். எழுந்து நிற்கவோ ஆம்புலன்ஸ் வரை நடக்கவோ விடவே கூடாது. அந்த நேரத்தில் திடீரென எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. நன்றாகிவிட்டாலும் மருத்துவமனை கட்டாயம், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரக்கூடும். இந்த ஊசியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெயிலிலும் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ள பிள்ளை வியர்த்து, நடுங்கி, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ரத்தச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். "ஆபீஸ் அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று தனியாக அனுப்பாதீர்கள், மாடிப்படியில் விழுவார்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. இன்சுலின் போட்ட பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது என்பதை வகுப்பாசிரியர் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். மதிய இடைவேளையில் நிற்கவைத்துத் தண்டிப்பது இந்தப் பிள்ளைக்கு மருத்துவ ஆபத்து.

சின்ன விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரைத்த ஆன்டிபயாட்டிக் சிரப்புகள் சிலவற்றை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மூடிய தனிப் பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். பிள்ளை மருந்தை மறுத்தால் வற்புறுத்தித் திணிக்காதீர்கள், சாப்பாட்டில் ஒளித்தும் கொடுக்காதீர்கள். எழுதிவிட்டு வீட்டுக்குச் சொல்லுங்கள். கொடுத்ததும் வாந்தி எடுத்தால் கேட்காமல் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது. சுற்றுலா போகும்போது மருந்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகாமல் லேபிளுள்ள அதே பாட்டிலோடு, கொடுக்கத் தெரிந்த ஒருவர் கூடவே போக வேண்டும். பயன்படுத்திய ஊசியின் மூடியைத் திரும்பப் போட வேண்டாம், கெட்டியான பெட்டியில் போடுங்கள். ஆண்டு முடிவில் மிச்சத்தைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுங்கள். எல்லார் முன்னாலும் "மாத்திரைக்கு வா" என்று கூப்பிடாதீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே மருந்து வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தவறு நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். பிள்ளையை முதலில் பாருங்கள், டாக்டரிடமோ நச்சு ஆலோசனை மையத்திடமோ கேளுங்கள், பெற்றோருக்கு அப்போதே சொல்லுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தவறைச் சொன்னவரை எல்லார் முன்னாலும் திட்டும் பள்ளியில் அடுத்த தவறு வெளியே வராது. இதைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே பேசி வைப்பது நல்லது.

இனி அடுத்த வாரம் வரப்போகும் அந்த அம்மா. அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், வாசலில் நின்று பேசாதீர்கள். தினமும் எடுக்கும் மருந்து பற்றி மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். வலிப்பு மருந்தில் ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம் என்பதால், அவன் வராத நாளும் தாமதமாக வரும் நாளும் காலை மருந்து கொடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவனுடைய வலிப்பு எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். கைகால் வெட்டி இழுக்குமா, அல்லது சும்மா வெறித்துப் பார்ப்பானா? முன்கூட்டி ஏதாவது தெரியுமா? வழக்கமாக எவ்வளவு நேரம்? முடிந்ததும் தூங்குவானா? கடைசியாக எப்போது வந்தது? வீட்டில் வீடியோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். நான் எப்போதும் கேட்பேன், அது ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சமம்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பயத்தில் அரை நிமிடமும் ஐந்து நிமிடம் மாதிரி இருக்கும். பக்கத்தில் உள்ள மேசை நாற்காலியை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், பிடித்து அழுத்தாதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்; டாக்டர் எழுதியிருந்தால், வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மருந்தை ஸ்ப்ரேயாக மூக்கிலோ, திரவமாகக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலோ கொடுக்க வேண்டும். இந்த மருந்து மூச்சை மெதுவாக்கக் கூடும், ஆகவே கொடுத்த பிறகு ஒருவர் அவன் பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை அவனுக்கு முன்பு கொடுத்திருக்கிறார்களா, எப்படி இருந்தான் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படிக் கொடுப்பது என்று டாக்டரிடமோ செவிலியரிடமோ நீங்களும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் நேரில் கற்றுக்கொள்ளாமல் பையனைச் சேர்க்கும் தேதியை உறுதி செய்யாதீர்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் அவனுக்கு யார் என்ற கேள்விக்கு, அந்த அம்மா கிளம்பும் முன் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புங்கள்.